பட்டறைப் பெரியவர் பதில்கள்: துரை விட்டுப்போன ரிவோல்வர்

சுவர்க்கடிகாரம், கிராமபோன், பித்தளை விளக்கு என்றுதான் இந்தப் பக்கத்துக்குக் கடிதங்கள் வரும். இந்த மாதக் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் துவக்கு. பட்டறைக்காரனிடம் துவக்கைப் பற்றிக் கேட்பது நியாயந்தான். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பிட்டராக இருந்துவிட்டு, பிறகு பல வருடம் கண்டியில் அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்குக் கடையொன்றின் பின்கட்டில் வேலை செய்தவன் நான். இரும்பு என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். இரும்பை விடக் கடதாசிதான் அதிகம் கேட்கும் என்பதையும் அந்தப் பின்கட்டில்தான் படித்தேன்.

"எங்கள் தாத்தா தோட்டத்துத் துரை பங்களாவில் அப்புவாக, அதாவது வீட்டு வேலைக்காரராக இருந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு பெரிய துரை சீமைக்குப் புறப்பட்டபோது, ஒரு தகரப் பெட்டியைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அம்மா போன பிறகு வீட்டைப் பிரித்துக் கட்டும்போதுதான் அதைத் திறந்தோம். தோல் உறைக்குள் ஒரு ரிவோல்வர். துருப்பிடித்திருக்கிறது. கைப்பிடியின் அடியில் ஒரு வளையம் தொங்குகிறது. தம்பி அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி, கண்ணாடிப் பெட்டியில் போட்டு முன்னறையில் வைக்கவேண்டும் என்கிறான். எதைக் கொண்டு துடைப்பது?"
*— ஓர் ஆசிரியை, டிக்கோயா*

மகள், முதலில் தம்பியின் கையிலிருக்கும் துணியை வாங்கி வையுங்கள். அடுத்ததாக அந்த அறையைப் பூட்டுங்கள்.

ஐம்பது வருடம் பெட்டியில் கிடந்தது என்பதால் உள்ளே ரவை இல்லை என்று அர்த்தமில்லை. பங்களாவில் இராத்திரி தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்த ரிவோல்வர் பெரும்பாலும் ரவை போட்டபடிதான் இருந்திருக்கும். பழைய ரவை செத்துவிடும் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். ஆகவே உறையிலிருந்து உருவவேண்டாம், மடக்கிப் பார்க்கவேண்டாம், விசையில் விரல் போகவே வேண்டாம். கிடக்கிற இடத்தில் கிடக்கிறபடியே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

அடுத்தது பொலிஸ். இங்கேதான் நம் ஆட்களுக்குக் கால் பின்னும். "ஐயையோ, பொலிசுக்குப் போனால் பிடித்து வைத்துவிடுவார்கள்" என்று பயந்து ஆற்றில் போட்டவர்களும் உண்டு, தேயிலை மலையில் புதைத்தவர்களும் உண்டு. வீட்டில் ஒளித்து வைத்ததை அவர்களாகத் தேடி வந்து எடுப்பது வேறு, கண்ட உடனே நீங்களாகப் போய்ச் சொல்வது வேறு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டந்தான் இன்றைக்கும் அடிப்படை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது அதன்படி குற்றம். 1996இல் வந்த 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கிவிட்டது. "இது பழைய சாமான், அலங்காரத்துக்குத்தான்" என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு முன்னறையில் வைக்காதீர்கள். அதைத் தீர்மானிப்பவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.

ஹட்டனில் நல்ல சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லி, அவரையே பொறுப்பதிகாரியிடம் பேசச் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தர் காதிலும் போட்டு வையுங்கள். நீங்களாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவேண்டாம். வழியில் சோதனைக்கு நிறுத்தினால் "ஒப்படைக்கத்தான் போகிறேன்" என்பதை யாருக்கு எப்படி நிரூபிப்பீர்கள்? அவர்களே வந்து எடுக்கட்டும். எடுக்கும்போது முறைப்பாட்டுப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். இலக்கம், அடையாள முத்திரைகள், உறை, பெட்டிக்குள் இருந்த மற்றச் சாமான்கள் எல்லாம் எழுதி ஒரு பற்றுச்சீட்டு தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டு கையில் இல்லாமல் "எங்கள் தாத்தாவின் ரிவோல்வர் எங்கே?" என்று பத்து வருடம் கழித்துக் கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

துரையிடம் லைசன் இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். இருந்திருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் துவக்கு அனுமதிப்பத்திரம் ஆளுக்கும் ஆண்டுக்கும் உரியது. டிசம்பர் 31உடன் முடியும், புதுப்பிக்கவேண்டும். பெட்டியோடு சேர்த்து அதைக் கைமாற்றிக் கொடுக்க முடியாது. ஆனாலும் பெட்டியின் அடியில் பழைய அனுமதிப்பத்திரமோ, கடிதமோ, போட்டோவோ கிடந்தால் கிழித்துப் போடாதீர்கள். அந்தக் கடதாசி ரிவோல்வரை விடப் பெறுமதி.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அந்த வளையத்தைப் பற்றி எழுதியதும் எனக்குக் கை துறுதுறுத்தது. கழுத்தில் மாட்டிய கயிற்றைக் கோத்து வைக்கும் வளையம் அது. குதிரையில் போகிறவன் கை நழுவவிட்டாலும் கீழே விழாது. பட்டாளத்து ரிவோல்வர்களில் இருக்கும். பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு பர்மிங்காமின் வெப்ளி கம்பனி 1887இலிருந்து இந்த வகையைச் செய்து கொடுத்து வந்தது. 1915இல் வந்த ஆறாவது மாதிரிதான் அதிகம் செய்யப்பட்டது. ஆறு அங்குலக் குழல், அடியில் சதுரமாக முடியும் கைப்பிடி, ஒரு கிலோவுக்கு மேல் கனம். செய்த ஆண்டை ரிவோல்வரின் இரும்புச் சட்டகத்திலேயே குத்தியிருப்பார்கள். பொலிஸ் எழுதும்போது அந்த ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

நம் மலைநாட்டில் இதற்கு ஒரு தனிக் கதையும் உண்டு. துரைமார் சேர்ந்து 1900இல் தோட்டக்காரர் ரைபிள் படை என்று ஒன்றை அமைத்தார்கள். தலைமையகம் கண்டியில். தென்னாபிரிக்காவில் போயர் யுத்தத்துக்கு இந்த மலைகளிலிருந்து ஆட்கள் போனார்கள். 1915இல் துருக்கியின் கலிப்போலியில் அன்சாக் எனப்பட்ட அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையின் தளபதி பேர்ட்வுட்டுக்கு மெய்க்காவலாக நின்றதும் இந்தப் படைதான். 1949இல் அது கலைக்கப்பட்டது. உங்கள் பெட்டியின் துரை அதில் இருந்தாரோ இல்லையோ, நான் சொல்லமுடியாது. உறையின் உட்புறத்தில் ஏதாவது முத்திரை, படை எழுத்து, தைத்தவரின் பெயர் இருந்தால் அது சொல்லும். ஆகவே தோலுக்குப் பொலிஷ் போடும் எண்ணத்தையும் விடுங்கள். கறுப்புப் பொலிஷ் ஒரு பூச்சுப் போனால் அந்த எழுத்து நிரந்தரமாகப் போய்விடும்.

உங்கள் தம்பியின் கண்ணாடிப் பெட்டி ஆசைக்கு வருவோம். அனுமதி கிடைத்துத் திரும்பி வந்தால்கூட, பளபளப்பாக்குவது என்பது அதைக் கொல்வதுதான். வெப்ளிக்கு மேலே கருநீலமாக ஒரு நிறம் இருக்கும். அது பூசிய வர்ணம் அல்ல, இரும்பின் மேற்தோலே நிறம் மாறியது. உப்புத்தாளால் ஒரு தேய், நூறு வருடம் போய்விடும். அதோடு குத்தியிருக்கும் எழுத்துகளின் ஓரமும் மழுங்கிப் போகும். அருங்காட்சியகங்களில் செய்வது வேறு: செந்தூளாக உதிர்கிற துருவை மட்டும், மென்மையான எண்ணெயில் நனைத்த மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் எடுப்பார்கள். பழுப்பாக இறுகிப் படிந்திருப்பதை அப்படியே விடுவார்கள். பிறகு மெல்லிய மெழுகு. அவ்வளவுதான். திருகாணியைத் தொடுவதென்றால் அதன் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும்படி தீட்டிய திருப்புளி வேண்டும். வீட்டு மேசையில் கிடக்கும் திருப்புளி ஆணியின் தலையைச் சிதைத்துவிடும், சிதைந்த ஆணித் தலை பார்க்கிறவன் கண்ணில் முதலில் குத்தும். இதையெல்லாம் செய்யவேண்டியவர் அனுமதி பெற்ற திருத்துநர். தம்பி இல்லை, நானும் இல்லை. நான் ஓய்வு பெற்றவன், என் அனுமதியும் கடையோடு போயிற்று.

திரும்பிக் கிடைக்கவில்லை என்றால்? அந்தச் சாத்தியந்தான் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிவோல்வர், பிஸ்டல் விஷயத்தில் முடிவெடுப்பது பாதுகாப்பு அமைச்சு. அண்மைக் காலத்தில் அவர்கள் கை இறுகித்தான் இருக்கிறது. 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென்று முறையாக அனுமதி பெற்றவர்களையே வெலிசறைக் கடற்படைக் களஞ்சியத்தில் துவக்கைத் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னார்கள். முதலில் 7ஆம் திகதி என்றார்கள், பிறகு 21 வரை நீட்டினார்கள். லைசன் உள்ளவருக்கே அப்படி. ஆகவே ஒப்படைக்கும்போதே சட்டத்தரணி மூலம் ஒரு கடிதம் வையுங்கள்: இது வரலாற்றுப் பெறுமதி உள்ளது, அழிப்பதானால் அதற்கு முன் அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொடுப்பதைப் பரிசீலிக்கவும் என்று. கண்டியில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த நாட்டில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவைத்த லூல்கந்துர ஜேம்ஸ் டெய்லர் பாவித்த சாமான்களே அங்கே இருக்கின்றன. ஒரு பங்களா அப்புவின் பெயரும் அந்த வரிசையில் ஒரு அட்டையில் ஏறினால் எனக்குச் சந்தோஷம். "இன்ன தோட்டத்து அப்பு, இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தவர்" என்று எழுதிக் கொடுங்கள். துரையின் பெயரை எழுத ஆட்கள் இருப்பார்கள்.

"ஐயா, அண்ணன் டொரன்டோவில் இருக்கிறார். அங்கே பழம்பொருள் சந்தையில் 1890களில் செய்த ரிவோல்வர் ஒன்று வாங்கியிருக்கிறார். கனடாவில் அதற்கு லைசனே தேவையில்லையாம், தந்தக் கைப்பிடி போட்டதாம். டிசம்பரில் ஊருக்கு வரும்போது சூட்கேசில் கொண்டுவந்து அப்பாவுக்குப் பரிசாகக் கொடுக்கப்போகிறார். சுங்கத்தில் வரி எவ்வளவு வரும்?"
*— ஒரு வாசகர், பண்டாரவளை*

வரியைப் பற்றிக் கேட்கிறீர்கள், தம்பி. இன்றைக்கே போன் போட்டு அண்ணனை நிறுத்துங்கள்.

அண்ணன் சொல்வது பொய்யில்லை. கனடாவின் சட்டத்தில் 1898க்கு முன் செய்த கைத்துப்பாக்கிகளில், குறிப்பிட்ட சில ரவை வகைகளுக்கானவை தவிர மற்றவை பழம்பொருளாகக் கணக்கிடப்படும். அமெரிக்காவில் 1898 வரை செய்தது பழம்பொருள். இங்கிலாந்தில் கணக்கு வேறு: 1939 செப்டெம்பர் 1க்கு முன் செய்திருக்கவேண்டும், அதன் ரவை வழக்கொழிந்தவற்றின் பட்டியலில் இருக்கவேண்டும், அலங்காரமாகவோ அருங்காட்சியாகவோ மட்டும் வைத்திருக்கவேண்டும். ஒரே ரிவோல்வர் ஒரு நாட்டில் அலங்காரம், அடுத்த நாட்டில் ஆயுதம். டொரன்டோவின் சட்டம் டொரன்டோ விமான நிலையத்தின் வாசலோடு நின்றுவிடும். கட்டுநாயக்காவில் அதை நீட்டினால் யாரும் வாசித்துப் பார்க்கமாட்டார்கள்.

இங்கே துவக்கோ, அதன் பாகமோ, ரவையோ கொண்டுவருவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி முதலில் வேண்டும். முதலில் என்றால் அங்கே விமானம் ஏறுவதற்கு முன்னால். அதற்கு மேல் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வேலை செய்கிறது. அதற்குப் பிறகுதான் சுங்கம். அனுமதி இல்லாமல் வந்தால் வரி என்ற பேச்சுக்கே இடமில்லை. பொருள் பறிமுதல், ஆள் விசாரணை. "பரிசு" என்பதோ "பழசு" என்பதோ அதை மாற்றாது.

அண்ணன் எங்கே மாறி ஏறுகிறார் என்றும் கேளுங்கள். டொரன்டோவிலிருந்து வருகிறவர்கள் டுபாயிலோ டோஹாவிலோ இலண்டனிலோ இறங்கித்தான் வருகிறார்கள். அந்த நாட்டுக்கும் ஒரு சட்டம் உண்டு. விமானக் கம்பனிக்கும் முன்கூட்டியே அறிவித்துச் சம்மதம் வாங்கவேண்டும். சூட்கேசின் அடியில் உடுப்புக்குள் சுற்றி வைத்தால் ஸ்கேனர் பார்த்துவிடும். தபாலில் அனுப்பலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். அனுப்பமுடியாது.

தந்தக் கைப்பிடி இன்னொரு தலையிடி. ஆபிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வியாபாரம் 1990இலிருந்து தடை. ஆசிய யானைக்குத் தடை அதற்கும் முந்தியது. பழைய தந்தம் என்று காட்டவும் இரு நாட்டுக் கடதாசிகள் வேண்டும். 2016 ஜனவரியில் காலிமுகத் திடலில் பிடிபட்ட தந்தங்களை இயந்திரத்தில் போட்டு நொறுக்கியதை டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்டுக்குத்தான் அண்ணன் தந்தப் பிடி கொண்டுவருகிறார்!

செயலிழக்கச் செய்து சான்றிதழோடு அனுப்பினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். இங்கிலாந்திலோ கனடாவிலோ குழலை அடைத்து ஒருவர் கொடுத்த சான்றிதழை நம்பிப் பெட்டியை ஏற்றிவிடாதீர்கள். அதற்கும் அமைச்சின் எழுத்து மூலமான பதில் முதலில் வேண்டும். பதில் "இல்லை" என்று வந்தாலும் நல்லது, காசு மிச்சம். ரிவோல்வரை அண்ணன் அங்கேயே வைத்துக்கொண்டு அப்பாவுக்கு நல்ல கம்பளிச் சுவெட்டர் ஒன்று கொண்டுவரட்டும். பண்டாரவளைக் குளிருக்கு அது உதவும்.

"அக்கா இலண்டனில். அவர் மாமனார் வைத்திருந்த குட்டி ரிவோல்வரின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மேலே 'பிரிட்டிஷ் புல்டாக்' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜீ என்று மூன்று எழுத்தும் கீழே ஒரு நட்சத்திரமும். வெப்ளி செய்ததா? நல்ல விலைக்குப் போகுமா?"
*— பதுளை*

வெப்ளி இல்லை. முட்டைக்குள் ஈஎல்ஜீ என்பது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சோதனைக் கூட முத்திரை. வெப்ளி 1872இல் அந்தக் கட்டைக் குழல் ரிவோல்வரை விற்கத் தொடங்கி அது பிரபலமானதும், லியேஜ் பட்டறைகள் அதைப் போலவே ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளின. பெயரையும் சேர்த்து அடித்தார்கள். முட்டைக்கு மேலே கிரீடம் இருக்கிறதா என்று அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள். கிரீடம் 1893இலிருந்துதான். அது இல்லையென்றால் அதற்கு முந்தியது.

பர்மிங்காமில் செய்ததென்றால் முத்திரை வேறு. பழையதில் கிரீடத்தின் கீழே குறுக்காகப் போட்ட இரண்டு செங்கோல் இருக்கும். 1904க்குப் பிறகு கிரீடத்தின் கீழே பீபீ, பீவீ என்ற எழுத்துகள். அங்கே என்பீ என்றும் இருந்தால் புகையில்லா வெடிமருந்துக்கும் சோதித்தது என்று பொருள். அது இல்லாத பழைய ரிவோல்வர் கரிமருந்துக்காகச் செய்தது. அதில் இந்தக் காலத்து ரவையைப் போட்டால் உருளை வெடித்துக் கையோடு போகும். குழலில் "ஆர்மி அண்ட் நேவி" என்று கடைப் பெயர் இருந்தாலும் ஏமாறவேண்டாம். அது விற்றவர் பெயர், செய்தவர் பெயரல்ல. காலனி நாடுகளுக்குப் புறப்பட்ட துரைமாரில் அநேகர் அங்கேதான் கட்டிலிலிருந்து கொசுவலை வரை வாங்கினார்கள்.

விலையைப் பற்றி நான் பேசமாட்டேன். ஆனால் அக்காவுக்கு ஒரு முக்கியமான விஷயம் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 2021 மார்ச் 22இல் புதிய பழம்பொருள் துப்பாக்கி ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்தன. அதுவரை வழக்கொழிந்தது என்று கணக்கிட்ட ஏழு ரவை வகைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட குட்டி ரிவோல்வர்களில் வருகிற .320ம் .442ம் அதில் அடக்கம். அந்த ஏழில் ஒன்றை வைத்திருந்தவர்கள் அதே ஆண்டு செப்டெம்பர் 22க்குள் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கவோ, ஒப்படைக்கவோ, வேறு வழியில் கைகழுவவோ வேண்டியிருந்தது. மாமனார் அலுமாரியில் அது கேட்பாரற்றுக் கிடந்திருந்தால் அக்காவும் நம் டிக்கோயா ஆசிரியையும் ஒரே படகில். அங்கேயும் முதலில் பொலிசுக்குப் போன் செய்வதுதான் வழி, கையில் எடுத்துக்கொண்டு நடப்பதல்ல.

"தேயிலைச் சாயத் தண்ணியில் ஊறப்போட்டால் இரும்பு கறுத்துத் துரு நின்றுவிடும் என்று ஸ்டோரில் வேலை செய்த பெரியப்பா சொல்கிறார். பழைய துவக்குக்கு அது சரிவருமா?"
*— தலவாக்கலை*

உங்கள் பெரியப்பா சொல்வதில் விஷயம் இருக்கிறது. தேயிலைக் கொழுந்தை வெட்டிய கத்தி கறுப்பதை ஸ்டோரில் நிற்கிற எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாயத்தில் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகப் படியும். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பழைய இரும்புக்கு அருங்காட்சியகங்களில் டானிக் அமிலம் பூசுவதும் இதே அடிப்படையில்தான். நாம் தம்ளரில் குடிக்கிறதன் பெரியண்ணன் அது.

ஆனால் நிறம் மிச்சமிருக்கிற துவக்குக்கு வேண்டவே வேண்டாம். ஊறப்போட்டால் நல்ல இடமும் கெட்ட இடமும் சேர்ந்து ஒரே கறுப்பாகிவிடும், தண்ணி இடுக்குகளில் தங்கி உள்ளே புதிதாகத் துரு பிடிக்கும். பெரியப்பாவின் மண்வெட்டிக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் தாராளமாகச் செய்யட்டும்.

இதோடு ஒட்டி இன்னும் இரண்டு பழக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று தேங்காய் எண்ணெய். தீபாவளிக்குத் தீபாவளி அப்பா தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார் என்று நுவரெலியாவிலிருந்து ஒருவர் பெருமையாக எழுதியிருக்கிறார். நுவரெலியாவில் தேங்காய் எண்ணெய் போத்தலிலேயே உறைந்து நிற்குமே! நாளாக நாளாகப் பிசினாகி, தூசியையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மெசின் ஒயில் எவ்வளவோ மேல். மற்றது ஆயுத பூசை. ஸ்டோர் மெசினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பது நம் வழக்கம், நானும் வைத்தவன்தான். ஆனால் ஈரச் சந்தனம் காய்ந்த இடத்தில் வட்டமாகத் துரு கிளம்பும். அனுமதி பெற்ற துவக்கு வைத்திருப்பவர்கள் பொட்டை மரப்பிடியில் வைத்து, மறுநாள் துடைத்துவிடுங்கள். சாமி கோபிக்காது.

தோல் உறைக்குள் போட்டு வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். தோலைப் பதப்படுத்திய சத்தும் நம் மலைப் பனியின் ஈரமும் சேர்ந்து இரும்பை உள்ளிருந்து தின்னும். உறையைத் தனியாகவும் துவக்கைத் தனியாகவும் வையுங்கள். வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு ரேகையோடு பதிந்து, மாரி முடிவதற்குள் அதே ரேகை துருவாக எழுந்து நிற்கும்.

சுட்ட பிறகு சரியாகக் கழுவாத துவக்கில் இதே உப்பு வேறு வழியில் வரும். பழைய ரவைகளின் தொப்பியில் இருந்த மருந்து எரிந்து உப்பாகக் குழலில் படியும். எண்ணெய் அதைக் கரைக்காது, மேலே மூடி மட்டும் வைக்கும். அந்தக் காலத்துப் பட்டாளத்தில் குழலில் கொதிநீர் ஊற்றியது இதற்காகத்தான். துருவுக்கு எண்ணெயே மருந்து என்று நம்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கட்டும்.

"மரக்கறித் தோட்டத்தைப் பன்றி ஒரே இரவில் உழுதுவிடுகிறது. அப்பாவின் பழைய கட்டுத்துவக்கைத் திருத்தி எடுக்கலாமா?"
*— வெலிமடை*

கட்டுத்துவக்கு என்றால் ஆளில்லாமல் வெடிக்கக் கட்டி வைப்பது. பன்றிக்குக் கட்டியதில் விறகு பொறுக்கப் போனவர்களின் கால் போன ஊர் நம்முடையது. அதைத் திருத்த என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. பயிர்ப் பாதுகாப்புக்கு முறையான துவக்கு வேண்டுமென்றால் மாவட்டச் செயலாளரிடம் விண்ணப்பிக்க வழி உண்டு. காணி உறுதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பொலிஸ் அறிக்கை எல்லாம் கேட்பார்கள். அப்பாவின் சாமானை மேலே சொன்ன முறையில் ஒப்படைத்துவிட்டு விண்ணப்பியுங்கள். அதை வீட்டில் வைத்துக்கொண்டே விண்ணப்பிக்கவேண்டாம்.

"பழைய ரிவோல்வரின் உருளை சுற்றவில்லை. உட்சுருள் உடைந்திருக்கிறது போல. வெளிநாட்டு இணையக் கடையில் பாகம் இருக்கிறது, தபாலில் அனுப்புவார்களாம். போடும் முறையை மட்டும் சொன்னால் போதும்."
*— பெயரும் ஊரும் இல்லை*

பெயரும் ஊரும் ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பாகத்துக்கும் முழுத் துவக்கைப் போலவே அனுமதி வேண்டும் என்று பண்டாரவளைத் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். தபால் சோதனையில் அகப்பட்டால் உறையின் மேலே இருப்பது உங்கள் விலாசந்தான், கடைக்காரன் விலாசமல்ல. காட்சிக்கு வைக்கும் பழம்பொருளுக்கு உருளை சுற்றவேண்டிய தேவையும் இல்லை. உடைந்த சுருளும் அதன் வயதைச் சொல்கிற ஒரு சாட்சி. அருங்காட்சியகத்தில் வேலை தெரிந்தவர்கள் அதை உடைந்தபடியே விட்டுக் குறிப்பெழுதுவார்கள்.

கடைசியாக எல்லோருக்கும் ஒன்று. போன வாரம் மத்தியானம் ஒருவர் பிஸ்கட் தகரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். "பெரியவர் ஒருதரம் பார்த்தால் போதும்" என்றார். உள்ளே என்ன என்று கேட்டேன், சொன்னார். தகரத்தைத் திறக்கவிடாமல் அங்கேயே உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த சட்டத்தரணிக்குப் போன் போட்டேன். அவர் வரும்வரை தேத்தண்ணி கொடுத்தேன். இனி யாரும் அப்படி வரவேண்டாம். படம் அனுப்புங்கள், அதிலும் தொடர் இலக்கத்தை மறைத்து அனுப்புங்கள். இந்த முகவரிக்குத் துவக்கு வரக்கூடாது. கடிகாரம் வரலாம். சாவி தொலைந்த கடிகாரங்கள் பற்றி அடுத்த இதழில்.